இழுக்காதே, தள்ளு

நேயர்களுக்கு வணக்கம்.

செஸ்னா 152 என்று ஒரு குட்டி விமானம். இரண்டே இருக்கை, தோளோடு தோள் இடிக்கும். நான் பறக்கக் கற்ற நாட்களில் ஒருநாள் காலை, ஆசிரியர் ஐயாயிரம் அடிக்கு ஏறச் சொன்னார். என்ஜின் சத்தத்தை அடக்கினார், மூக்கைத் தூக்கினார், ஒரு காலால் ரட்டரை, அதாவது வால் சுக்கானை, அழுத்தினார். சட்டென்று ஒரு இறக்கை சரிந்தது. கண்ணாடி முழுக்க வயல்வெளி, பம்பரம்போல் சுற்றுகிறது. நான் என்ன செய்தேன்? தரை வருகிறதே என்று விமானத்தை ஓட்டும் பிடியை இரண்டு கையாலும் இழுத்தேன்.

"இழுக்காதே தம்பி, தள்ளு!"

விழுந்துகொண்டிருக்கும்போது மூக்கை இன்னும் கீழே தள்ளு என்றால் மனசு ஒப்புமா? ஆனால் வழி அதுதான். சுற்றுக்கு எதிர்ப்பக்க ரட்டரை அழுத்தி, முன்னால் தள்ளினால்தான் இறக்கைமேல் காற்று மறுபடி ஒழுங்காக ஓடும். அதன்பிறகுதான் மெல்லத் தூக்கலாம்.

இதற்கு 'ஸ்பின்' என்று பெயர். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், இதில் மாட்டினால் திரும்ப முடியாது என்றே பல விமானிகள் நம்பினார்கள். பிரிட்டனில் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் போர்முனையில் களைத்துத் திரும்பியவர்கள். எதிரியைவிட மாணவனைக் கண்டே அவர்களுக்குப் பயம். மாணவர்களை 'ஹன்' என்று அழைத்தார்கள். ஜெர்மானியர்களுக்கு வைத்திருந்த வசைப்பெயர் அது!

60ஆம் படைப்பிரிவின் தளபதி ராபர்ட் ஸ்மித்-பாரிக்கு இது பொறுக்கவில்லை. தன்னிடம் வரும் பையன்களுக்குப் பறக்கவே தெரியவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். 'நீயே செய்து காட்டு' என்பதுபோல் அவரையே காஸ்போர்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர் ஆபத்திலிருந்து மாணவனை விலக்கி வைக்கவில்லை. ஆபத்துக்குள் வேண்டுமென்றே போய், வெளியே வரக் கற்றுக்கொடுத்தார். 1917இல் இது பெரிய புரட்சி.

ஆசிரியர் பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாய், அதற்கும் அந்த ஊர்ப்பெயர்தான். இரண்டாம் உலகப் போரில் டைகர் மாத் பயிற்சி விமானங்களிலும் அது இருந்தது. கோபம் வந்தால் சில ஆசிரியர்கள் குழாயின் வாயை வெளிக்காற்றில் நீட்டிவிடுவார்களாம். மாணவன் காது என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

1940இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு மாறியவர்களுக்கு அந்தக் குழாய்க்கும் வேலையில்லை. ஒரே ஓர் இருக்கை. கண்ணைக் கட்டி உட்காரவைத்து, எந்த விசை எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்வார்கள். பிறகு, போய் வா! அந்த விமானத்தில் பத்து இருபது மணி நேரம் மட்டுமே பறந்துவிட்டுச் சண்டைக்குப் போனவர்கள் அந்தக் கோடையில் உண்டு.

இன்று தரையிலேயே பறந்து பழகும் சிமுலேட்டர் இருக்கிறது. அனுபவமுள்ள விமானி வேறு வகை விமானத்துக்கு மாறும்போது, முழுக்க அதிலேயே பழகிவிட்டு, நிஜ விமானத்தை முதன்முதலில் ஓட்டும்போதே பின்னால் பயணிகள் இருக்கலாம். பயப்படாதீர்கள், பக்கத்தில் பயிற்சியாளர் இருப்பார். இதை நான் குறை சொல்லமாட்டேன். என்ஜினுக்குத் தீ வைத்து ஒத்திகை பார்க்க வேறு இடமேது? ஆனால் வயிற்றைப் பிசையும் அந்தப் பயம் அதற்குள் வராது.

2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி விலகிக்கொண்டது. பிறகு நடந்தது ஸ்பின் இல்லை, 'ஸ்டால்': இறக்கைமேல் காற்று ஒழுங்காக ஓடாமல் விமானம் சுற்றாமலே விழுவது. ஆனால் மருந்து ஒன்றுதான், முன்னால் தள்ளுவது. எச்சரிக்கை ஒலி பலமுறை அடித்தது. துணை விமானி பெரும்பாலும் இழுத்தே பிடித்திருந்தார். 228 பேர் போனார்கள்.

அதன்பிறகுதான் உலகம் பழைய பாடத்தை மறுபடி கையில் எடுத்தது. 2019 முதல் ஐரோப்பாவில், விமான நிறுவனத்துக்குப் போக விரும்பும் மாணவர் நிஜ விமானத்தில் குறைந்தது 3 மணி நேரம் இப்படிக் கட்டுப்பாடு இழந்த நிலையிலிருந்து மீண்டு வரப் பழக வேண்டும்.

3 மணி நேரம் போதுமா என்று கேட்கிறார்கள். என்னைப் பற்றிச் சொன்னால், நான்காவது ஸ்பின்னில்தான் என் கை தானாக முன்னால் போயிற்று.