நூலகத்தை ஏன் கொளுத்தினார்கள்?

அவையோருக்கு வணக்கம்.

ஒரு கணக்கை வாசித்துவிட்டுத் தொடங்குகிறேன். இத்தாலி, 1921ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதம். பாசிஸ்டுகள் அடித்து நொறுக்கியும் தீ வைத்தும் அழித்த இடங்கள் இவை. செய்தித்தாள் அலுவலகங்களும் அச்சகங்களும் 17. மக்கள் இல்லங்கள் 59. தொழிலாளர் மன்றங்கள் 119. கூட்டுறவுச் சங்கங்கள் 107. விவசாயிகள் சங்கங்கள் 83. சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட் கட்சிக் கிளைகள் 141. பண்பாட்டு மன்றங்கள் 100. தொழிலாளர்கள் கூடிப் பொழுதுபோக்கும் மன்றங்கள் 53. நூலகங்களும் நாடக அரங்குகளும் 10. மக்கள் பல்கலைக்கழகம் ஒன்று. மிச்சத்தையும் சேர்த்தால் மொத்தம் 726. இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியோடு தூரின் நகரில் பத்திரிகை நடத்திய ஆஞ்சலோ தாஸ்கா, பின்னாளில் தொகுத்துவைத்த கணக்கு இது.

சங்க அலுவலகத்தைக் கொளுத்தியது புரிகிறது. கூலி உயர்வு கேட்கிறவன் மீது நிலச்சுவான்தாருக்குக் கோபம் வரும். ஆள் வைத்து அடிப்பான். அது இத்தாலியில் மட்டும் நடந்த சங்கதி அல்ல. ஆனால் நூலகம்? நாடகக் கொட்டகை? சீட்டாடி, திராட்சை மது குடிக்கிற மன்றம்? அங்கே போய் எதற்குப் பெட்ரோல் ஊற்றினார்கள்? பாசிசம் என்றால் முதலாளி கூலிக்கு அமர்த்திய அடியாள் படை என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில், ஃபெராரா, பொலோஞா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மக்கள் இல்லம் எப்படி இருக்கும்? கீழே மதுக்கடையும் கூட்டுறவுக் கடையும். மாடியில் கூலி விவசாயிகளின் சங்க அலுவலகம். நாடகத்துக்கும் நடனத்துக்கும் கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு கூடம், ஓர் அலமாரி நிறையப் புத்தகம், பித்தளை வாத்தியக் குழுவுக்கு இடம். இன்று யாருக்கு எந்த வயலில் வேலை என்பதை அந்தச் சங்கம்தான் தீர்மானிக்கும். ஒரு ஹெக்டேருக்கு இத்தனை ஆட்களைக் கட்டாயம் வைத்தாக வேண்டும் என்று நில உடைமையாளரிடம் எழுதி வாங்கியதும் அதே சங்கம். பாதிரியார் இல்லாமல் செங்கொடி போர்த்திச் சவ ஊர்வலம் புறப்படுவதும் அந்த வாசலிலிருந்துதான். வேலை, கடன், கல்யாண ஆட்டம், சாவு எல்லாம் ஒரே கூரைக்கடியில். 1920 இலையுதிர்காலத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தல்களில் 2,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளைச் சோசலிஸ்டுகள் கைப்பற்றினார்கள் என்றால், அந்த வாக்கு விளைந்த வயல் இதுதான்.

பாசிஸ்டுகளுக்கு இது தெரிந்திருந்தது. 1919 நவம்பரில் அவர்கள் மிலானில் போட்டியிட்டபோது 5,000 வாக்குகூடத் தேறவில்லை. முசோலினியின் பெயரில் சவப்பெட்டி தூக்கிச் சோசலிஸ்டுகள் ஊர்வலம் விட்டார்கள். அடுத்த ஓராண்டில் ஆட்டம் மாறியது. தாக்குதலுக்கு ஒரு முறையே இருந்தது. லாரியும் எரிபொருளும் பணமும் நிலச்சுவான்தார்கள் கொடுப்பார்கள். ராணுவ முகாமிலிருந்து துப்பாக்கி வரும். பக்கத்து நகரத்துப் படை இரவில் வந்து இறங்கும். உள்ளூர்க்காரன் என்றால் முகம் தெரிந்துவிடுமே! காவல் படை வேடிக்கை பார்க்கும், அல்லது பின்னால் வந்து தாக்கப்பட்டவர்களைக் கைது செய்யும். மன்றம் எரிந்து, சங்கச் செயலாளர் ஊரைவிட்டு ஓடிய பிறகு, அதே கூலிகளிடம் பாசிஸ்ட் சங்கத்தின் உறுப்பினர் அட்டையை நீட்டுவார்கள். வேலை வேண்டுமா, கையெழுத்துப் போடு.

இதில் விளக்கெண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. சங்கத் தலைவரைப் பிடித்து வாயைத் திறந்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். சுட்டுக் கொன்றால் அவன் தியாகி. ஊரே சவத்தின் பின்னால் நடக்கும். நடுத்தெருவில் வயிற்றுப்போக்கோடு விட்டால்? நேற்றுவரை மேடையில் பார்த்து மரியாதை செய்தவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உடம்பைவிட அந்த மனிதரின் மதிப்பைக் குறிவைத்த ஆயுதம் அது. பண்பாட்டு அதிகாரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அது எங்கே இருக்கிறது என்பதைத் தடி எடுத்தவன் நமக்கு முன்பே மோப்பம் பிடித்துவிட்டான்.

சரி, இவ்வளவு வேரூன்றிய அமைப்பு ஏன் சில மாதங்களில் சரிந்தது? அடியும் தீயும் மட்டும் காரணமல்ல. மக்கள் இல்லத்தின் சுவருக்கு வெளியே நின்றவர்களைக் கணக்கெடுக்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு கடன்பட்டுத் துண்டு நிலம் வாங்கியவன், வாரத்துக்குப் பயிர் செய்பவன் ஆகியோரிடம் போய், நிலம் முழுவதையும் சமூகவுடைமை ஆக்குவோம் என்றார்கள் சோசலிஸ்டுகள். அறுவடைக்குத் தன் மைத்துனனை அழைத்தாலும் சங்கம் அபராதம் போட்டது, மீறினால் புறக்கணிப்பு. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கும் கீழ்மட்ட அதிகாரிக்கும் ‘முதலாளிகளின் போருக்குப் போனவன்’ என்ற பட்டம்தான் கிடைத்தது. ஃபெராராவில் பாசிஸ்டுகள் என்ன செய்தார்கள் தெரியுமா? உடைமையாளர்களிடம் பேசிக் கொஞ்சம் நிலத்தை வாங்கிக் குத்தகைக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ‘உழுபவனுக்கு நிலம்’ என்றார்கள். மோசடிதான். ஆனால் அந்த மனிதனின் காதுக்கு எட்டிய மொழியில் செய்த மோசடி.

பாட்டும் சடங்கும் அப்படித்தான். பாசிசத்தின் கீதமான ‘ஜியோவினெஸ்ஸா’ அவர்கள் கட்டியதல்ல. 1909இல் தூரின் மாணவர்கள் பிரிவு விழாவுக்குப் பாடிய பாட்டு, போரில் அதிரடிப் படையினர் வாய்க்குப் போய், அங்கிருந்து இவர்களிடம் வந்தது. கறுப்புச் சட்டையும் அதே அதிரடிப் படையின் சரக்கு. மாடத்தில் நின்று கூட்டத்தைக் கேள்வி கேட்டுப் பதில் முழக்கம் வாங்குகிற வித்தை, ஃபியூமே நகரைப் பிடித்து வைத்திருந்த கவிஞர் தானுன்சியோவிடம் கற்றது. இருப்பதை எடுத்துத் தைத்துக்கொண்டார்கள். தையல் மட்டுமே அவர்களுடையது.

மார்க்சியர்கள் இதை உடனே புரிந்துகொண்டார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. கிராம்சியே 1921 ஜனவரியில் எழுதிய கட்டுரையில், கிப்ளிங்கின் காட்டுக் கதையிலிருந்து ‘பந்தர் லோக்’ என்கிற குரங்குக் கூட்டத்தை எடுத்து வந்து, குட்டி முதலாளி வர்க்கத்தை அதற்கு ஒப்பிட்டார். தொழிலாளியைப் பார்த்துத் தெருவில் இறங்கக் கற்றுக்கொண்ட குரங்குகளாம். கிண்டல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குரங்கு என்று சொல்லிவிட்டால் அவனை நம் பக்கம் இழுப்பது எப்படி என்ற கேள்வியே எழாது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் போர்திகா இன்னும் பிடிவாதம்: பாசிஸ்டுகளை எதிர்க்க 1921 கோடையில் எழுந்த மக்கள் தற்காப்புப் படையில் கட்சிக்காரர்கள் சேரக் கூடாது என்று தடுத்தார். 1922 ஆகஸ்டில் பார்மா நகரத்து ஏழைக் குடியிருப்புகள் காட்டியது வேறு. சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட், கத்தோலிக்க மக்கள் கட்சிக்காரர் எல்லோரும் சேர்ந்து தெருவில் பள்ளம் வெட்டித் தடுப்புப் போட்டார்கள். பாசிஸ்ட் தலைவர் பால்போ கூட்டி வந்த ஆயிரக்கணக்கான கறுப்புச் சட்டைகள் திரும்பிப் போனார்கள். அந்த ஒற்றுமை பார்மாவுக்கு வெளியே பரவவில்லை. அக்டோபர் இறுதியில் முசோலினி மிலானிலிருந்து ரயிலில் படுத்துத் தூங்கியபடி ரோமுக்கு வந்து பிரதமர் ஆனார்.

அந்நேரத்தில் தெளிவாகப் பார்த்தவர் என்று நான் சொல்லக்கூடியவர் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கிளாரா ஜெட்கின். 1923 ஜூனில் மாஸ்கோவில், பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தில் அவர் வைத்த அறிக்கையின் சாரம்: இது வெறும் முதலாளிகளின் பழிவாங்கல் அல்ல, பிழைப்பு இழந்து, சோசலிசத்திடம் எதிர்பார்த்து ஏமாந்த பெருந்திரள் அதன் பின்னால் நிற்கிறது, ஆயுதத்தால் மட்டும் அதை வெல்ல முடியாது, அந்த மனங்களுக்காகப் போராட வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டது. 1928க்குப் பிறகு அகிலம் அதற்கு நேர் எதிராகப் போனது, சமூக ஜனநாயகவாதிகளையே ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று அழைத்தது. விலை என்ன? 1932 நவம்பரில் ஜெர்மனியில் நாஜிகள் 33.1 விழுக்காடு, 196 இடம். சமூக ஜனநாயகக் கட்சி 20.4, கம்யூனிஸ்ட் கட்சி 16.9, இரண்டுக்கும் சேர்த்து 221 இடம். எண்ணிக்கையில் நாஜிகளைவிட அதிகம். மூன்றே மாதத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார்.

கிராம்சி 1926 நவம்பர் 8 அன்று கைதானார். தண்டனை 20 ஆண்டு, 4 மாதம், 5 நாள். எழுதிக்கொள்ள அனுமதி கிடைத்து, 1929 பிப்ரவரி 8 அன்று முதல் குறிப்பேட்டைத் திறந்தார். 33 குறிப்பேடுகளில் அவர் திரும்பத் திரும்பத் தோண்டுவது, ‘நாம் ஏன் தோற்றோம்?’ என்ற அந்தப் பழைய புண்ணைத்தான். ரஷ்யாவில் அரசு விழுந்ததும் எல்லாம் விழுந்தது. மேற்கில் அரசு வெளி அகழி மட்டும். அதைத் தாண்டினால் பள்ளி, தேவாலயம், பத்திரிகை, மன்றம் என்று கோட்டைமேல் கோட்டை. அங்கே ஒரே பாய்ச்சல் செல்லாது. ஒவ்வொரு அரணாகப் பிடித்து நிற்க வேண்டிய நிலைப்போர்.

இங்கே சொல் பற்றி ஒரு வார்த்தை. கிராம்சியின் மையச் சொல்லான ஹெஜிமனி என்பதைத் தமிழில் ‘மேலாண்மை’ என்றால் நகராட்சிக்காரருக்குத் திடக்கழிவு ஞாபகம் வருகிறது. ‘மேலாதிக்கம்’ என்றால் அதட்டி ஆள்வது என்று ஆகிவிடுகிறது. அவர் சொல்வது இரண்டும் கலந்த ஒன்று: ஆளப்படுகிறவன் தானாகத் தருகிற இசைவு, அதைச் சுற்றி இரும்புக் கவசமாகப் பலவந்தம். இசைவு தளரும்போது கவசம் கண்ணுக்குத் தெரியும். தளர்ந்த அந்த இடைவெளியைப் பற்றி 1930இல் அவர் எழுதிய வாக்கியத்தைத்தான் ‘இது அரக்கர்களின் காலம்’ என்று முடித்து இன்று சுவரொட்டி அடிக்கிறார்கள். அரக்கர் அதில் இல்லை. பழையது செத்துக்கொண்டிருக்கிறது, புதியது பிறக்க முடியவில்லை, இந்த இடைவேளையில் பலவகை நோய்க்குறிகள் தோன்றும் என்றே எழுதினார். வித்தியாசம் சிறியதல்ல. அரக்கன் வெளியிலிருந்து வருகிறவன். நோய்க்குறி உடம்புக்குள் கிளம்புவது.

தொடர்கதைகளை அவர் அக்கறையோடு படித்ததும் இதற்காகத்தான். இத்தாலியப் பத்திரிகைகள் ஏன் பழைய பிரெஞ்சுத் தொடர்கதைகளைப் போட்டு விற்பனையைக் கூட்டுகின்றன? இத்தாலிய எழுத்தாளனுக்குத் தன் மக்களோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதால். பாசிசம் நுழைந்த ஓட்டைகளில் அதுவும் ஒன்று.

ஆட்சிக்கு வந்த பாசிஸ்டுகள், எரித்ததையே திரும்பக் கட்டினார்கள். மே தினத்தை ஒழித்து, ரோம் நகரின் பிறந்தநாளான ஏப்ரல் 21ஐத் தொழிலாளர் தினம் ஆக்கினார்கள். 1925இல் ‘தொப்போலவோரோ’, அதாவது ‘வேலைக்குப் பின்’ என்ற அமைப்பு. பல ஊர்களில் மக்கள் இல்லங்களையே பறித்து அதற்குக் கொடுத்தார்கள். அதே கூடம், அதே குண்டுருட்டும் ஆட்டம், அதே மது, அதே வாத்தியக் குழு. சுவரில் படம் மட்டும் வேறு. 1939இல் உறுப்பினர்கள் கிட்டத்தட்ட 38 லட்சம். படித்தவர்கள் பக்கம் இன்னும் சுலபம்: 1931இல் பேராசிரியர்கள் சுமார் 1,200 பேரிடம் விசுவாசப் பிரமாணம் கேட்டார்கள், மறுத்தவர்கள் பன்னிரண்டு பேர்.

தொப்போலவோரோவை என்ன செய்வது? 1935இல் மாஸ்கோவில் கட்சி ஊழியர்களுக்கு வகுப்பெடுத்த இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொலியாத்தி இதற்கு ஒரு வகுப்பையே ஒதுக்கினார். அந்தக் கூடத்துக்குள் கால் வைப்பதே துரோகம் என்றிருந்த தோழர்களைக் கண்டித்தார். தொழிலாளி அங்கே போவது முசோலினியை ரசிக்க அல்ல. மாலையில் போக வேறு இடம் இல்லை. போய்ச் சேருங்கள், உள்ளே இருந்து பேசுங்கள் என்றார். சரியான புத்திமதி என்றே நினைக்கிறேன், பத்தாண்டு தாமதம் என்றாலும்.

கடைசியாக, ‘கிராம்சி சொன்னது எல்லாம் பண்பாடுதான்’ என்று பேசித் திரிகிறவர்களுக்கு ஒன்று. ஒழுக்கம், பண்பாடு என்ற தளத்தில் இயங்கும் இசைவுக்கும் பொருளாதார அடித்தளம் இல்லாமல் முடியாது என்று அவர் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார். 1943 மார்ச் 5. தூரின் நகரில் ஃபியட் நிறுவனத்தின் மிராஃபியோரி ஆலை. இருபது ஆண்டு அணிவகுப்பு, பாட்டு, பாடப்புத்தகம், 38 லட்சம் உறுப்பினர் அட்டை எல்லாம் முடிந்து, போரின் நடுவில். குண்டுவீச்சில் இடம்பெயர்ந்தவர்களுக்குத் தந்த 192 மணி நேரக் கூலியை எல்லோருக்கும் கொடு என்பது கோரிக்கை. காலை பத்து மணிக்கு வழக்கமாக ஊதும் சோதனைச் சங்கு ஊதியதும் வேலையை நிறுத்துவதாகப் பேச்சு. விஷயம் தெரிந்துபோய் அன்று சங்கை ஊதவில்லை. ஊதாமலே சில பட்டறைகளில் இயந்திரங்களை நிறுத்தினார்கள். அடுத்த நாட்களில் அது ஆலை ஆலையாகப் பரவியது.

நன்றி, வணக்கம்.