அண்ணாந்து குடிக்க வேண்டாம், ஆச்சி

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரியவர்களை முதியோர் இல்லத்தில் விட்டோ வீட்டோடு ஆள் வைத்தோ பார்த்துக்கொள்வது இப்போது சகஜமாகிவிட்டது. அப்படிப் பக்கத்தில் இருந்து சோறு ஊட்டுகிற, தண்ணீர் கொடுக்கிற உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் தண்ணீர். எச்சில் படக்கூடாது என்று செம்பை அண்ணாந்து குடித்தே பழகியவர்கள் நம் ஆச்சிகளும் ஐயாக்களும். பக்கவாதம் வந்தவர்களுக்கும், பார்கின்சன் நோயோ மறதி நோயோ முற்றியவர்களுக்கும் அந்தப் பழக்கமே ஆபத்து. தலை பின்னால் சாய்ந்ததும் தண்ணீர் விறுவிறுவென்று தொண்டைக்குள் ஓடும். மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் அதற்குள் இறங்கிவிடும். புரையேறி இருமினால் நமக்குத் தெரிந்துவிடும். இருமலே இல்லாமல் நுரையீரலுக்குப் போவதும் உண்டு. நிமோனியாவுக்கு அது ஒரு முக்கியக் காரணம். குடித்தபின் குரல் சளி கட்டியது போல் கரகரத்தாலோ, அடிக்கடி நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் வந்தாலோ மருத்துவரிடம் சொல்லி, விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆச்சிக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டால் எச்சில் கூச்சம் இருக்காது. வாய் அகன்ற டம்ளராக இருக்கட்டும். தண்ணீர் குறையக் குறையத் தலை தானாக அண்ணாந்துவிடும், அதனால் பாதி தீர்ந்ததுமே மறுபடி ஊற்றுங்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நாமே அடிக்கடி கொடுக்க வேண்டும்.

ஊட்டும்போது சாய்வு நாற்காலி வேண்டாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள், சாப்பிட்டு அரைமணி நேரமாவது படுக்க விடாதீர்கள். நீங்களும் எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் முகத்தைத் தூக்கித்தான் வாங்க வேண்டியிருக்கும். சின்னக் கரண்டி போதும். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபிறகே அடுத்த வாய். பக்கவாதம் வந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கி நிற்கும், கடைசியில் அதையும் பார்த்துவிடுங்கள்.

ரசஞ்சாதம் லேசானது என்று நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அதுதான் கஷ்டம்; ரசம் முந்தி ஓடும், பருக்கை பின்தங்கும். குழைய மசித்த சோறு பரவாயில்லை. ஆனால் குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துவிடாதீர்கள்! காலமெல்லாம் ருசியறிந்து சாப்பிட்டவர்கள். தனித்தனியாக மசித்து, “இது கத்திரிக்காய், ஆச்சி” என்று சொல்லி ஊட்டுங்கள்.

வாயைத் திறக்காவிட்டால் திணிக்கக் கூடாது. பல்செட் உறுத்துகிறதா, வாயில் புண்ணா என்று பாருங்கள். தூக்கக் கலக்கமாக இருந்தால் ஒரு வாய்கூட வேண்டாம். நன்றாக விழித்தபிறகு மறுபடி கேளுங்கள்.