பயிற்சியாளரிடமா, மனநல ஆலோசகரிடமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் ஒரு செவிலியருக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை தோழிகளாக இருந்தவர்களிடம் இன்று வேலை வாங்க வேண்டும். எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே கறாராக நிற்பது என்று புரியவில்லை. இவருக்கு, குறிக்கோளை எட்டத் துணைநிற்கும் கோச் எனப்படும் பயிற்சியாளர் போதும். எத்தனை சந்திப்பு, எதற்காக என்பதை முதலிலேயே பேசிக்கொள்வார்கள். பயிற்சியாளர் பெரும்பாலும் கேட்பார்: இந்த வாரம் யாரிடம் பேசப்போகிறீர்கள்? பேசவில்லையென்றால் எது தடுத்தது?

அதே பெண்ணுக்குத் தூக்கம் போய், பணிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடத்து, எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதென்றால் நிலைமை வேறு. குறிக்கோள் எழுதச் சொல்வது அவருக்கு இன்னொரு சுமை. அவர் போகவேண்டியது மனநல ஆலோசகரிடம், தேவைப்பட்டால் மருத்துவரிடம்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை நம் குமரி மாவட்டம் மறக்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில், கடலுக்குப் போனவரின் உடல்கூடத் திரும்பாத வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணிடம் ஐந்தாண்டுத் திட்டம் கேட்பவரை நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். அவர் அழட்டும், கோபப்படட்டும், சொன்னதையே திரும்பச் சொல்லட்டும். அதற்கு இடம்கொடுத்து உட்காரப் பயின்றவர்தான் ஆலோசகர்.

ஆலோசனை கடந்த காலத்துக்கு, பயிற்சி எதிர்காலத்துக்கு என்று சிலர் பிரிப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் ஆலோசனை முறையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் நாளை செய்யவேண்டியதையும் வீட்டுப்பாடமாகத் தருவார்கள்.

பணம் யார் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். பயிற்சிக்கு நிறுவனம் பணம் கட்டினால், நீங்கள் பேசுவதில் எது மேலாளரிடம் போகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஆலோசகர் ரகசியம் காப்பார். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு.

நம் நாட்டில் பயிற்சியாளராக அரசு உரிமம் தேவையில்லை. 1995இல் தொடங்கிய சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பு தரும் சான்றும் தொழிலமைப்பின் சான்றுதான். வார இறுதி வகுப்பு முடித்ததும் பலகை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே படிப்பைக் கேளுங்கள், ஆலோசகரிடமும் கேளுங்கள். "இது என் வேலையில்லை, அவரிடம் போங்கள்" என்று அனுப்பிவைக்கும் பயிற்சியாளரை நம்பலாம்.

மனம் தாங்கவில்லையென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வணக்கம்.