காம்போசிட் தூண்: ஃப்ரீமேசன்கள் இரவல் என்று ஒதுக்கிய ரோமானியக் கலை

[திரையில்: லாட்ஜ் அறை. மேசைமேல் ஒரு சிறிய மரத்தூண்]

கல்தச்சர் மரபைச் சின்னமாகக் கொண்ட சகோதரச் சங்கத்தினர் ஃப்ரீமேசன்கள். அவர்களுடைய கிளை மன்றமான லாட்ஜில் கூட்டம் தொடங்கும்போது, மூத்த வார்டன் என்னும் பொறுப்பாளர் தம் மேசையில் கிடக்கும் சிறு தூணை நிமிர்த்தி வைப்பார். இளைய வார்டன் தம்முடைய தூணைக் கிடத்துவார். பணி நிறுத்தி இளைப்பாறும் நேரத்தில் இது அப்படியே மாறும். மூத்தவருடையது டோரிக் தூண். அதன் பொருள் வலிமை. இளையவருடையது கொரிந்தியம், அது அழகு. தலைவருக்கு உரிய அயோனியம் ஞானத்தைக் குறிக்கிறது. லாட்ஜைத் தாங்குபவை இந்த மூன்றும்தான் என்பது அவர்களுடைய போதனை. மூன்றுமே கிரேக்கப் பாணிகள்.

ரோமானியர் சேர்த்தவை டஸ்கன், காம்போசிட் என்னும் இரண்டு. உறுப்பினருக்கான இரண்டாம் படிநிலைச் சடங்கில் வரும் சுழல்படிக்கட்டின் ஐந்து படிகள் ஐந்து தூண்பாணிகளைக் குறிக்கும்போது, இவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. மதிப்புதான் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் தாமஸ் ஸ்மித் வெப் என்னும் ஃப்ரீமேசன் பரப்பிய சடங்கு விரிவுரை, இரண்டிலும் சொந்தச் சரக்கு இல்லை, எல்லாம் இரவல் என்கிறது. கட்டடக்கலையில் மேன்மையானவற்றுக்கு நாம் கடன்பட்டிருப்பது கிரேக்கருக்கே, ரோமானியருக்கு அல்ல என்றும் தீர்ப்பளிக்கிறது.

டஸ்கனைப் பொறுத்தவரை விட்டுவிடலாம். அது டோரிக்கின் எளிய வடிவம்தான். காம்போசிட்டுக்கு இந்தத் தீர்ப்பு அநியாயம்.

[திரையில்: ரோம், டைட்டஸ் வளைவு. தூணின் தலைப்பகுதி மிக அருகில்]

பேரரசர் டைட்டஸ் கி.பி. 81-இல் இறந்தபின் தம்பி டொமிஷியன் எழுப்பிய வளைவு இது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய காம்போசிட் தூண்களுள் சில இங்கே இருக்கின்றன. நெடுக வரிப்பள்ளம் ஓடும் பளிங்குத் தூண்களைப் பாருங்கள், அவைதான் பழையவை. பள்ளமில்லாதவை 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக்கலைஞர் வலாடியர் செப்பனிட்டபோது சேர்த்தவை. பழையதோடு புதியது கலந்து மயக்கம் தரக்கூடாது என்று வேறு கல்லில் செய்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தூணின் தலையில் கீழிருந்து இரண்டு அடுக்கு அகாந்தஸ் என்னும் செடியின் இலைகள். அவை கொரிந்தியத்தின் சொத்து. அவற்றுக்கு மேலே முட்டை வடிவங்கள் வரிசையாகச் செதுக்கிய ஒரு பட்டை, மூலைதோறும் பருத்த சுருள். அவை அயோனியத்துடையவை. மெல்லிய இலையும் கனத்த சுருளும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்க வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடித்தவன் வெறும் இரவல்காரன் அல்லன்.

லாட்ஜின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அயோனியம் ஞானம், கொரிந்தியம் அழகு என்றால், அவ்விரண்டும் ஒரே கல்லில் கூடியிருப்பது காம்போசிட்டில்தான். இது என் வாசிப்பு; சடங்கு அப்படிச் சொல்வதில்லை.

[திரையில்: வளைவின் உட்புறச் சிற்பம்]

வளைவுக்குள் நுழைந்தால் சுவரில் ஓர் ஊர்வலம். கி.பி. 70-இல் ஜெருசலேமை வீழ்த்திய ரோமானிய வீரர்கள், அங்கிருந்த யூதக் கோயிலின் ஏழு கிளை விளக்குத்தண்டைத் தோளில் சுமந்து வருகிறார்கள். அது இரண்டாம் கோயில். அதற்கு முன் ஜெருசலேமில் இருந்தது சாலமோனின் கோயில். ஃப்ரீமேசன்களின் அடிப்படைச் சடங்குகளுக்குக் கரு அதன் கட்டுமானம்தான். காம்போசிட் தூணுக்கு அவர்கள் பொருள் தேடியிருந்தால், கிரேக்கக் கடனைக் கணக்கெடுப்பதற்கு முன் இந்தச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும்.