ரவுட்டரில் ஆழம் வைக்க ஸ்கேல் வேண்டாம், ஒரு டிரில் பிட் போதும்

வணக்கம் நண்பர்களே. மேசையில் இருப்பது பிளஞ்ச் ரவுட்டர், சுழலும் வெட்டும் பிட்டை மேலிருந்து அழுத்தி மரத்துக்குள் இறக்கும் மெஷின். பக்கத்தில் 18 மில்லி பலகை. இதில் 6 மில்லி அகலம், 6 மில்லி ஆழத்தில் ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம், எடுக்க வேண்டும், பெட்டியின் பின்பக்க பிளைவுட் அதற்குள் உட்காரும். அகலத்தைப் பிட்டே பார்த்துக்கொள்ளும். ஆழத்தை நாம்தான் வைக்க வேண்டும், இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. இதோ, கேமராவுக்கு முன்னால் போட்டுவிட்டேன். சுவிட்ச் அணைந்துதானே இருக்கிறது என்று விடாதீர்கள், அடுத்த ஐந்து நிமிடமும் நம் விரல்கள் பிட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கப் போகின்றன.

பிட்டின் காம்பை, அதாவது வெட்டாத மேல் பகுதியை, அதைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்குள் அடி வரை தள்ளுங்கள். அப்புறம் 2, 3 மில்லி வெளியே இழுத்துவிட்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது கோலெட் பிட்டைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அது ஏற்கெனவே அடியில் முட்டி நின்றால் பிடி சரியாக விழாது, ஓடும்போது பிட் மெல்ல நழுவும். காடியின் ஒரு முனை 6 மில்லி, மறு முனை 8 மில்லி என்று வந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். இன்னும் ஆழம் வேண்டும் என்பதற்காகக் காம்பைப் பாதி வெளியே விட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. ஆபத்தான வேலை அது. நீளமான பிட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, பூஜ்யம் வைப்போம். வெட்டப் போகும் பலகை மேலேயே மெஷினை நிறுத்துங்கள். பிட்டுக்குக் கீழே ஒரு துண்டுத் தாளைச் செருகி, மெஷின் இறங்காமல் பூட்டும் லீவரைத் தளர்த்தி, மெதுவாக அழுத்துங்கள். தாளை இழுத்துக்கொண்டே இருங்கள். இதோ, பிடித்துக்கொண்டது. லீவரைப் பூட்டிவிட்டேன். பிட்டின் நுனி மரத்தைத் தொட்ட மாதிரிதான். சாதாரணத் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லி, காடிக்கு அது ஒரு கணக்கே இல்லை.

இப்போது அடித்தட்டில் இந்தச் சுற்றும் வட்டத்தைப் பாருங்கள். படிப்படியாக மூன்று ஸ்டாப்பர்கள் இருக்கின்றன. மேலே இருந்து இறங்கும் இந்தக் கம்பி எந்த ஸ்டாப்பரில் முட்டுகிறதோ, பிட் அதற்கு மேல் இறங்காது. மிகத் தாழ்ந்த ஸ்டாப்பரைக் கம்பிக்கு நேராகத் திருப்புங்கள். இங்கேதான் பலரும் மெஷினில் இருக்கும் ஸ்கேலைப் பார்த்துக் கம்பியை 6-க்கு ஏற்றி வைப்பார்கள். எனக்கு அந்த ஸ்கேலில் நம்பிக்கை கிடையாது. கோடு தடிமன், முள்ளும் தடிமன், தலையைக் கொஞ்சம் சாய்த்தால் எண்ணே மாறிவிடுகிறது.

அதற்குப் பதில் 6 மில்லி டிரில் பிட் ஒன்றை எடுத்து, அதன் காம்பை ஸ்டாப்பர் மேல் படுக்க வைக்கிறேன். கம்பியை அதன் மேல் இறக்கித் திருகை இறுக்குகிறேன். இறுக்கும்போது கம்பி ஒரு மயிரிழை எழும்பும். அதனால் டிரில் பிட்டை உருவிப் பாருங்கள், லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். வந்துவிட்டது. இந்த இடைவெளிதான் நம் ஆழம், ஒரு எண்ணைக்கூடப் படிக்கவில்லை. கதவுக் கீலுக்குக் குழி எடுக்கும்போது இன்னும் சுலபம், கீலின் பட்டையையே நடுவில் வைத்துவிடலாம். அதன் கனம் 2 மில்லியா, 2.3 மில்லியா என்ற கேள்வியே வராது.

6 மில்லியையும் ஒரே இழுப்பில் எடுக்காதீர்கள். ஒரு சுற்றுக்குப் பிட்டின் விட்டத்தில் பாதி என்பது என் கணக்கு. 6 மில்லி பிட் என்றால் 3 மில்லி. கடின மரம் என்றால் அதையும் குறைப்பேன். நடு ஸ்டாப்பரின் தலையில் திருகு இருக்கிறது பாருங்கள். பிட் இன்னும் பூஜ்யத்திலேயே நிற்கும்போது, 3 மில்லி டிரில் பிட் கம்பிக்கு அடியில் சரியாக நுழையும் வரை இந்தத் திருகை ஏற்றுகிறேன். முதல் சுற்று இதில், அடுத்தது தாழ்ந்த ஸ்டாப்பரில். மோட்டார் சத்தம் கம்மினால் ஆழம் அதிகம் அல்லது தள்ளுகிற வேகம் அதிகம். மரம் கருகி வாசனை வந்தால் பெரும்பாலும் மெதுவாகத் தள்ளுகிறீர்கள், இல்லை பிட் மழுங்கிவிட்டது.

நல்ல பலகையில் இறங்குவதற்கு முன்னால் ஒரு கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வெர்னியர் என்ற அளவுக்கருவியின் வால் பக்கத்தைக் காடிக்குள் இறக்கி அளக்கிறேன்... 5.7. குறைகிறது. முதல் சந்தேகம் மரத்தூள் மேல்தான். ஸ்டாப்பர் தலையில் ஒரு சிட்டிகை தூள் உட்கார்ந்தாலும் கம்பி முன்னாலேயே முட்டி நின்றுவிடும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி ஓட்டுகிறேன். ம், இப்போது 5.9. எனக்கு இது போதும். உங்களுக்கு அந்த 0.1 வேண்டும் என்றால், மறுபடி பூஜ்யம் வைத்து, டிரில் பிட்டோடு ஒரு தாள் துண்டையும் சேர்த்து வையுங்கள்.

என்னிடம் ட்ரிம்மர்தான் (சின்ன ரவுட்டர்) இருக்கிறது, அதில் கம்பியும் இல்லை, ஸ்டாப்பரும் இல்லை என்பவர்களுக்கு: ஒரே கனமுள்ள இரண்டு 6 மில்லி துண்டுகளைப் பலகை மேல் இடைவெளி விட்டு வையுங்கள். ட்ரிம்மரின் அடித்தட்டை அவற்றின் மேல் நிறுத்தி, நடுவில் பிட் பலகையைத் தொடும் வரை இறக்கிப் பூட்டுங்கள். துண்டுகளை எடுத்துவிட்டால் பிட் அடித்தட்டுக்கு வெளியே 6 மில்லி நீட்டிக்கொண்டிருக்கும். பூட்டும்போது மோட்டார் சற்று நகர்கிற மெஷின்கள் உண்டு. அதனால் துண்டுகளை எடுப்பதற்கு முன்னால் பிட்டுக்குக் கீழே அந்தத் தாளை இன்னொரு தடவை செருகிப் பாருங்கள்.