ஷெட்டில் நிற்கும் காருக்கும் வயசாகும்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் 26 வருடமாக பிரேக், டயர் வேலை பார்த்து வருகிறேன். ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இங்கே சாலை வரி குறைவு என்பதால் பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரிப் பதிவு எண் போட்ட விலை உயர்ந்த கார்களை நாடு முழுக்கப் பார்த்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் உள்ளூரிலும் ஓடுகின்றன. ஓடுகின்றன என்பதைவிட, நிற்கின்றன என்று சொல்லலாம். நான் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, வண்டி வாரிவிட்டது. காலாப்பட்டு தாண்டி நிற்கிறேன்." போய்ப் பார்த்தேன். கார் வந்த வழியையே பார்த்துத் திரும்பி நின்றது. பின்சக்கரத்தில் இழுவை உள்ள கார், 400 குதிரைத்திறனுக்கு மேல். நல்லவேளை, எதிரில் வண்டி எதுவும் வரவில்லை, அவருக்கும் காயம் இல்லை. ராத்திரி பெய்த மழை விட்டு, ரோடு மினுமினுவென்று ஈரமாக இருந்தது. காரின் போக்கை மாற்றும் மோடு ஸ்விட்ச் ஸ்போர்ட்டில் கிடந்தது. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தும் எப்படி அண்ணே?"

டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்பது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்திலும் அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணும் சென்சார் இருக்கிறது. முன்சக்கரங்களைவிடப் பின்சக்கரம் வேகமாகச் சுற்றினால், அது ரோட்டைப் பிடிக்காமல் வெறுமனே சுழல்கிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். உடனே இன்ஜின் சக்தியைக் குறைக்கும், சுழலும் சக்கரத்தில் மட்டும் பிரேக்கைத் தொடும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னும். அதைக் கோளாறு என்று நினைத்து என்னிடம் வருபவர்கள் உண்டு. கோளாறு இல்லை, அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வேலை செய்கிறது, சரி. ஆனால் அதனால் முடிந்தது குறைப்பது மட்டும்தான். ரோட்டைப் பிடிப்பது டயர். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. அந்த இடத்தில் ஒரு படி அரிசிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு ஊறப்போட்டால் சோற்றுக்குக் குறையும். வளைவில் திரும்ப அதில் பெரும்பகுதி போய்விட்டால், பிரேக் பிடிக்கவும் வேகம் எடுக்கவும் குறைவாகத்தான் மிச்சம். மழையில் அந்தப் படியே குறைந்துவிடும். எந்த ஸ்விட்சை அழுத்தினாலும் அரிசி அதிகமாகாது.

அப்படியானால் மோடு எதற்கு? டயர் கொஞ்சமாக நழுவும்போதுதான் அதன் முழுப் பிடிமானமும் கிடைக்கும். ரேஸ் தளத்தில் அது வேண்டும். ஸ்போர்ட் மோடில் கம்ப்யூட்டர் கொஞ்சம் நழுவ விடும், ரேஸ் மோடில் இன்னும் அதிகமாக விடும், தாமதமாகத்தான் கைகொடுக்கும். ஃபெராரியில் ஸ்டீயரிங்கிலேயே சின்னத் திருகு இருக்கிறது, ஈரம் தொடங்கி எல்லாம் நிறுத்தம் வரை படிப்படியாக. மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. ஜி.டி. ஆர் காரில் ஒன்பது படி. எனக்கு மிகவும் பிடித்தது 2018 கடைசியில் வெளிவந்த போர்ஷே 911-இல் உள்ள ஏற்பாடு. முன்சக்கரத்தின் மேல்கூட்டுக்குள் ஒலி சென்சார் வைத்திருக்கிறார்கள். டயர் வாரியடிக்கும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு, ரோடு ஈரம் என்று கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தாலும் தானாக மோடை மாற்றாது. ஓட்டுபவருக்குச் சொல்லும், திருப்புவது அவர் கை. பொறியாளர்கள் எவ்வளவு யோசித்து அந்த முடிவை எடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

சரி, தம்பியின் காருக்கு வருகிறேன். மோடைப் பார்த்ததும் நான் குனிந்து பார்த்தது பின் டயரின் பக்கவாட்டை. டாட் என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 3516. அதாவது 2016-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் பட்டன், அதாவது மேலே உள்ள ரப்பர் வெட்டுகள், நன்றாகவே இருந்தது. கார் ஓடியிருந்தது 14,000 கி.மீ. மட்டும். "இன்னும் புதுசு மாதிரி இருக்கே அண்ணே" என்றார். நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். கல் மாதிரி இருந்தது.

நம்மூர்க்காரர்களுக்கு ரப்பர் புதுசில்லை. நெட்டப்பாக்கம் பக்கம் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையே இருக்கிறது. ஓடினாலும் நின்றாலும் வெயிலிலும் சூட்டிலும் காற்றிலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும். பத்து வருடமானால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. வேகமாகப் போகும் காருக்கு நான் ஆறுக்கு மேல் விடுவதில்லை. பட்டன் ஆழமும் அப்படித்தான். சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது. அகலமான டயரில் 3 மி.மீ.க்குக் கீழே போனாலே, தேங்கிய தண்ணீரைத் தள்ள முடியாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். மிதந்துவிட்டால் ஸ்டீயரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது.

பட்டனே இல்லாத மாதிரி மழமழவென்று இருக்கும் அரை-ஸ்லிக் டயரைப் போட்டுக்கொள்ளச் சிலர் ஆசைப்படுவார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்தில் வெயில் நாளில் அதன் பிடிமானம் அபாரம். கார்த்திகை மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகாதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கண்ட ஊர் இது. அப்புறம், பின்னால் மட்டும் உயரம் மாறிய டயரைப் போடுவதும் வேண்டாம். சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றும். வழுக்காத இடத்தில் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் ஏமாறும்.

பிரேக்குக்கு வருவோம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. அவ்வளவும் சூடாகத்தான் மாறும். அந்தச் சூடு, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடைத் தாண்டி பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 என்ற தரத்துப் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நம்மூர்க் கடல் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரம் ஏறிய ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்க அதன் தரவிதி இடம் கொடுக்கிறது. கொதித்தால் ஆவிக்குமிழ் வரும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. தம்பி கார் வாங்கியதிலிருந்து ஆயில் மாற்றவே இல்லை. ஓடவில்லையே, எதற்கு என்று விட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கி.மீ. கணக்கே கிடையாது. வாரக்கணக்கில் நின்றால் இரும்பு டிஸ்க்கிலும் துரு பிடிக்கும், ஹேண்ட் பிரேக் போட்டு விட்டால் பேட் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தும்போது கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பாகூர் வழியாகக் கடலூர் போகிறவர்களுக்கு இன்னொன்று. அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல்லும் உளுந்தும் காயும். அந்த மணிகள் மேல் ஏறி பிரேக் பிடித்தால் ஏ.பி.எஸ். சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும். ஆனால் நிற்க எடுக்கும் தூரம் கூடத்தான் செய்யும். தூரத்தில் தார்ப்பாயைப் பார்த்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

தம்பி நான்கு டயரையும் ஆயிலையும் மாற்றினார். அடுத்த மழைக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதே ரோட்டில் ஓட்டினார். மோடு ஈரத்தில் இருந்தது. அதே வளைவில் மஞ்சள் விளக்கு ஒருமுறை மின்னியது. அவர் காலை லேசாகத் தளர்த்தினார், வண்டி அதன் போக்கில் திரும்பியது. மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்பி வந்தோம்.

நன்றி, வணக்கம்.