641-இடம் பிடிபட்ட எண்

எல்லோருக்கும் வணக்கம். கையில் பேனாவும் தாளும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேச்சு: 4294967297. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் இது வரும். இதற்கு முன்னால் ஐந்து அண்ணன்மார் உண்டு. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டுங்கள்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுபவை. 1640 வாக்கில் பிரான்சின் கணித மேதை ஃபெர்மா இதைக் கவனித்தார். அடுக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் எல்லாமே பகா எண்களாகத்தான் வரும் என்று நம்பினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவரே எழுதி வைத்தார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

1729-இல் கோல்ட்பாக் என்ற கணிதவியலாளர் ஒரு கடிதத்தில் இதை இன்னொரு கணிதவியலாளரான ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் பதில் வந்துவிட்டது. ஆய்லருக்கு அப்போது வயது 25. 4294967297 = 641 × 6700417. ஆறாவது எண் பகா எண் இல்லை!

641 எப்படி அகப்பட்டது? 641 வரை 116 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் கை ஓய்ந்துவிடும். ஆனால் இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், 64-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். இதற்கான நிரூபணத்தைப் பின்னாளில் ஆய்லரே எழுதினார். அப்படிப்பட்ட பகா எண்களைப் பொறுக்குங்கள்: 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிட்டது.

சரி, வகுக்காமலே இதைக் காட்டலாம். தாளை எடுங்கள். 640 என்பது 5 × 128. அதாவது 5 × 2-இன் 7-ஆம் அடுக்கு. 641-ஐ வைத்துப் பார்த்தால் இது 1 குறைவு, அதனால் மீதி −1 என்று எழுதலாம். இதையே நான்கு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். 625 × 2-இன் 28-ஆம் அடுக்கு, மீதி +1. இப்போது 625-ஐப் பாருங்கள். அது 641-இல் 16 குறைவு. ஆகவே 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்தால் 32. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்குக்குக் குறைக்குறி போட்டால் மீதி +1. குறியை எடுத்தால் மீதி −1. அதோடு 1 கூட்டுங்கள், பூஜ்யம். நான்கே வரியில் 429 கோடி மடங்கிவிட்டது! எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

1796-இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கச் சீர்பலகோணம் வரைய முடியும் என்று காட்டினார். அங்கே நின்றது இந்த வரிசையின் 17-தான்.

இந்த வரிசையில் அந்த ஐந்துக்குப் பிறகு ஆறாவதாக ஒரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. 2-இன் 1048576-ஆம் அடுக்கோடு 1 கூட்டி வரும் எண்ணுக்கு 315653 இலக்கங்கள். அது பகு எண் என்பது கணினியால் உறுதியாகிவிட்டது. ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.